சேய்லியிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போன் பண்ணும்போதெல்லாம் "அங்கே என்னதாம்மா படிக்கிறே?" என்று கேட்கிறீர்கள். நான் பதிலை ஆரம்பிப்பதற்குள் லைன் போய்விடுகிறது. மலை மறைத்தால் இங்கே சிக்னல் கிடையாது. அதனால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

உங்கள் மாப்பிள்ளைக்கு சின்லியில் கணக்கு வாத்தியார் வேலை என்பது தெரியும். அங்கிருந்து நான் காரில் மேலே ஏறி சேய்லிக்குப் போகிறேன். கிட்டத்தட்ட 7,000 அடி உயரம். நம்ம ஏற்காட்டைவிட உயரம், ஆனால் காபித் தோட்டமெல்லாம் இல்லை. செம்மண், குட்டை மரங்கள், பனிக்காலத்தில் வெள்ளை. விலாசத்தில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் என்று எழுதினாலும் இது நவஹோ பழங்குடி மக்களின் நாடு. அவர்கள் தங்களை டினே என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். தனி அரசாங்கம், தனி போலீஸ், நேரம்கூடத் தனி. கோடையில் அரிசோனாக்காரர்கள் கடிகாரத்தைத் தொடமாட்டார்கள், இவர்கள் ஒரு மணி முன்னால் வைப்பார்கள். நீங்கள் ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிட்டால் எனக்கு ஏன் ஒரு சமயம் காலை எட்டரை, ஒரு சமயம் ஒன்பதரை என்ற குழப்பம் இதனால்தான்.

படிக்கிற இடம் டினே கல்லூரி. 1968இல் ஆரம்பித்தது. அமெரிக்காவில் ஒரு பழங்குடி தானே கட்டி, தானே நடத்திய முதல் கல்லூரி இது. இவர்களுடைய ஹோகான் வீடு மாதிரி வளாகமே வட்டமாக இருக்கிறது. உள்ளே ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடம். நான் எடுத்திருப்பது மானுடவியலும் கலை வரலாறும். "அதுக்கு வேலை கிடைக்குமா" என்று அடுத்து கேட்பீர்கள். தெரியாது அப்பா. ஆனால் இந்தப் பாடத்தை இதைவிட நல்ல இடத்தில் படிக்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

ஏனென்றால் மானுடவியல்காரர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக வந்து கேள்வி கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு போனது இந்த ஜனங்களைத்தான். ஒரு நவஹோ குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள், ஒரு மானுடவியல் ஆராய்ச்சியாளர் என்று இங்கே ஒரு பழைய ஜோக் உண்டு. இப்போது அந்தப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஆராய்ச்சியைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். எட்வர்ட் கர்டிஸ் என்ற போட்டோக்காரர் 1904இல் எடுத்த படம் ஒன்றை வகுப்பில் போட்டார்கள். குதிரையில் ஒரு வரிசை, முதுகைக் காட்டிக்கொண்டு இருட்டுக்குள் போகிறது. 'மறையும் இனம்' என்று தலைப்பு வைத்திருக்கிறார். இன்றைக்கு நவஹோ பதிவேட்டில் சுமார் 4 லட்சம் பேர் இருக்கிறார்கள்! பின் வரிசையில் இருந்த ஒரு பாட்டி (ஆமாம், பாட்டிகளும் படிக்கிறார்கள்) "முதலில் அட்டெண்டன்ஸ் எடுங்கள், யார் மறைந்தது என்று பார்த்துவிடலாம்" என்றார். வகுப்பே சிரித்தது.

அதே பாட்டியிடம்தான் நான் முதல் நாள் மாட்டிக்கொண்டேன். இங்கே அறிமுகம் என்றால் பேர் சொன்னால் போதாது. அம்மா குலம், அப்பா குலம், இரண்டு தாத்தாக்களின் குலம், நாலையும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு அம்மாவின் குலம்தான். அம்மா குலத்திலும் கல்யாணம் கூடாது, அப்பா குலத்திலும் கூடாது. நான் சாதாரணமாக, "என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்" என்று சொல்லிவைத்தேன். பாட்டி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?" என்றார். ஒருவாரம் எனக்குத் தனி மரியாதை.

கலை வரலாற்றில் என்னை யோசிக்க வைத்தது ஹோஸ்டீன் க்ளா என்பவர் கதை. சடங்கு நடத்துகிறவர், தறியிலும் கைதேர்ந்தவர். இவர்கள் நோய் தீர்க்கும் சடங்குக்கு நிறமண்ணால் தரையில் படம் போடுவார்கள். சடங்கு முடிந்தால் அழித்துவிட வேண்டும். க்ளா அந்த உருவங்களைக் கம்பளத்தில் நெய்தார். ஊரே பயந்தது. அழியவேண்டியதை நிலைக்கவைத்தால் கெடுதல் வரும் என்றார்கள். அவருக்கோ தன்னோடு இந்த வித்தை போய்விடுமே என்ற கவலை. மேரி வீல்ரைட் என்ற பணக்காரப் பெண்மணியோடு சேர்ந்து சான்டா ஃபேயில் அருங்காட்சியகம் அமைத்தார். 1937இல் அது திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. சரி, கதை அதோடு முடியவில்லை. அங்கே சேர்ந்திருந்த, சடங்குப் புனிதப் பொருள்களைக் கட்டிவைத்த மூட்டைகளை 1977இல் அருங்காட்சியகமே திருப்பித் தந்துவிட்டது. இப்படித் திருப்பித் தரவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்ததே 1990இல்தான். அந்த மூட்டைகள் வந்து சேர்ந்த இடம் எங்கள் கண்ணாடிக் கட்டடம். நான் பார்த்ததில்லை, பார்க்கவேண்டும் என்று கேட்கவும் இல்லை. எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து டிக்கெட் போடுவதுதான் பாதுகாப்பு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. க்ளா செய்தது சரியா என்று கேட்டால், வகுப்பில் பாதிப் பேர் இல்லை என்பார்கள். நான் அவர் பக்கம். நெய்கிறவர் மகள் வேறு என்ன சொல்வாள்?

தறியைப் பற்றிக் கேட்பீர்கள் என்று கடைசிக்கு வைத்திருக்கிறேன். நம்ம தறி மாதிரி கால் வைக்கக் குழியும் இல்லை, மிதியும் இல்லை, நூலை ஓட்டும் நாடாவும் இல்லை. சட்டம் நிமிர்ந்து நிற்கிறது, நெடுக்கு நூலான பாவு மேலிருந்து கீழே. எதிரே உட்கார்ந்து, பட்டையான ஒரு மரக்கத்தியைப் பாவுக்குள் விட்டுத் திருப்பினால் வழி விடுகிறது. குறுக்கு நூலான ஊடையை விரலாலேயே கோத்து மரச் சீப்பால் இடிக்கிறார்கள். பாவு வெளியே தெரியாது, நம்ம ஜமக்காளம் போலவே ஊடைதான் முகம். காகிதத்தில் டிசைன் கிடையாது, எல்லாம் மனக்கணக்கு. மலைக்கு அந்தப் பக்கம் டூ கிரே ஹில்ஸ் என்ற ஊர்க் கம்பளத்தில் பெரும்பாலும் சாயம் இல்லாமல் ஆட்டின் கறுப்பு, பழுப்பு, வெள்ளை, கலந்த சாம்பல் இவ்வளவுதான். இன்னொன்று, கேட்டால் நம்பமாட்டீர்கள்: பாவை வெட்டுவதில்லை. நாலு பக்கமும் ஓரம் கட்டியபடியே தறியிலிருந்து இறங்குகிறது. கடைசி இரண்டு விரற்கடைக்கு மரக்கத்தி நுழையாது, ஊசியால் ஒவ்வொரு இழையாகக் கோக்க வேண்டும். நெய்து காட்டும் நம்ம வகுப்புப் பாட்டி அங்கே வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்.

அவருக்கு நம்ம தறியைப் பார்க்க வேண்டுமாம். காலால் பாவைப் பிரிக்கிறார்கள் என்று சொன்னேன், ஒத்துக்கொள்ளவே இல்லை. தம்பியிடம் சொல்லி நீங்கள் நெய்வதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் முகம் வராவிட்டாலும் பரவாயில்லை, குழிக்குள் கால் தெரியவேண்டும். அப்புறம், குஞ்சம் வெட்டாமல் நம்ம தறியில் ஒரு துண்டு இறக்க முடியுமா என்று யோசித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்
செல்வி