வெள்ளைக் கல்லை எறிய விடாதவருக்கு

வர்ஜீனியாவின் செம்மண் காட்டில், தொல்லியல் களப் பணியாளராக எனக்கு அது முதல் வாரம். அமெரிக்காவில் ஒரு திட்டத்துக்கு மத்திய அரசின் பணமோ அனுமதியோ வேண்டுமென்றால், அங்குள்ள பழைய தடயங்கள் பாதிக்கப்படுமா என்று முன்பே பார்க்கச் சொல்கிறது 1966-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்காகத்தான் சாலை வரப்போகும் பாதை நெடுக 50 அடிக்கு ஒரு குழி. தோண்டு, கால் அங்குலச் சல்லடையில் சலி, மண்ணின் நிறத்தை முன்செல் அட்டையோடு (நிற மாதிரிகள் கொண்ட அட்டை) ஒப்பிட்டு எழுது, மூடு, நட.

மூன்றாம் நாள் மதியம் ஒரு வெள்ளைக் கல்லை வீசப் போனேன். என்னோடு குழி தோண்டிய நீங்கள் "கொஞ்சம் பொறு" என்றீர்கள். வெயிலில் திருப்பிக் காட்டினீர்கள்: அடி விழுந்த இடம், அதன் கீழே லேசான புடைப்பு, கத்தி போல மெல்லிய ஓரம். யாரோ கருவி செய்தபோது தெறித்த குவார்ட்ஸ் சில்லு. தானாக உடைந்த குவார்ட்ஸும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். பழகாத கண்ணுக்குத் தெரியாது.

இதுவரை எத்தனை எறிந்தேனோ என்று கலங்கிப்போனேன். நீங்கள் திட்டவில்லை. நான் மூடிவிட்ட இரண்டு குழிகளையும் என்னோடு சேர்ந்து திறந்து, மண்ணை மறுபடி சலித்தீர்கள். இன்னும் நான்கு சில்லுகள்! அந்த வெயிலில், உங்கள் குழிகள் பாக்கி இருக்கும்போது.

அப்புறம் குடிக்கத் தந்த அந்த உப்புத் தண்ணீர், காலில் ஒட்டிய உண்ணியை எடுக்கச் சொல்லித் தந்தது, எல்லாம் நினைவிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து வேறு மாநிலம் போய்விட்டீர்கள். பெயர் போட்டால் உங்களுக்குப் பிடிக்காது. மனமார்ந்த நன்றி.