கேமரா முன்னிலையில் விசாரணையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் கீழ் வந்த வழக்கு ஒன்றைக் 'கேமரா முன்னிலையில்' விசாரிக்க நீதிபதி உத்தரவிட்டதாக ஒரு நாளிதழில் படித்ததும் மனசு பதறிவிட்டது. தென்மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் 26 ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். இந்த ஒரு சொல் ஒரு தாயை என்ன பாடு படுத்தியது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மகளைச் சாட்சி சொல்ல அழைத்து வந்தவர், வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மறுத்துவிட்டார். கையில் கசங்கிய பேப்பர். பள்ளிச் சீருடையில் அந்தப் பிள்ளை அம்மாவின் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றது. "கேமரா வச்சிப் படம் புடிப்பாவளாம்லா ஐயா, பேப்பர்லயே போட்டிருக்கு. நாளைக்கு எல்லாவன் செல்லுலயும் எம்பிள்ள மூஞ்சி வந்துட்டுன்னா நாங்க எங்க போவோம்?" என்று அழுதார். கதவைச் சாத்திவிட்டுத்தான் விசாரிப்பார்கள், நீங்களும் பிள்ளை கூடவே இருக்கலாம் என்று புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது.

கதவைச் சாத்தி நடத்தும் விசாரணையை ஆங்கிலத்தில் 'இன் கேமரா' என்பார்கள்; அதைத்தான் 'கேமரா முன்னிலையில்' என்று தவறாக மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அதில் உள்ள கேமரா, லத்தீனில் அறையைக் குறிக்கும் சொல். சுவரில் ஒரு துளை, அதன் வழியே வெளிக்காட்சி தலைகீழாக உள்ளே விழும் இருட்டறைக்குக் 'கேமரா அப்ஸ்கியூரா' என்று பெயர். படம் பிடிக்கும் கருவிக்கு அந்தப் பெயர் அதிலிருந்துதான் வந்தது.

சில ஏடுகள் 'ரகசிய விசாரணை' என்று எழுதுகின்றன. அதுவும் சரியில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக் கேள்விகள் நீதிபதி வழியாகப் பிள்ளையிடம் கேட்கப்படுகின்றன, அரசு வழக்கறிஞர் இருக்கிறார், சாட்சியம் எழுத்தில் பதிவாகிறது. வழக்கோடு தொடர்பில்லாதவர்களுக்குத்தான் உள்ளே இடமில்லை. ரகசியம் என்றால் காதும் காதும் வைத்தாற்போல் எதையோ முடிக்கிறார்கள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். மேசைக்கு அடியில் கைமாறுவதை 'அண்டர் தி டேபிள்' என்கிறார்கள், வாயடைக்கக் கொடுக்கும் காசை 'ஹஷ் மணி' என்கிறார்கள். அவற்றுக்குக் கமுக்கம், திரைமறைவு என்று தாராளமாக எழுதுங்கள். ஒரு குழந்தையைக் காக்கச் சாத்தும் கதவை அந்த வரிசையில் சேர்க்காதீர்கள்.

'மூடிய அறை விசாரணை' என்றால் யாருக்கும் புரியும். பெற்றோரோ, குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 37ஆவது பிரிவு சொல்கிறது. செய்தியில் இடமிருந்தால் அந்த ஒரு வரியையும் சேர்த்துப் போடச் சொல்லி உங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
பாளையங்கோட்டை