டிராக்டர்ல பிளேடு மாட்டுனா மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் தண்ணி வடிஞ்சப்புறம் எங்க வேளச்சேரி தெருவுல கணுக்கால் அளவு சேறு, அத தள்ள ஒரு டிராக்டர் வந்துச்சு, முன்னாடி லோடர்ல (மண்ணு அள்ளித் தூக்குற ரெண்டு இரும்புக் கை, அதான் ஆர்ம்) பக்கெட்ட கழட்டிட்டு ஒரு இரும்பு பிளேட வெல்டிங் வச்சு மாட்டியிருந்தாங்க. கனடால என் மச்சானும் இப்படித்தான் லோடர்ல பிளேடு மாட்டி பனி தள்றான், ஆனா அவனோடதுல பின்னாடி தடி தடியா ஸ்பிரிங் இருக்கும், எதுலயாவது தட்டுனா பிளேடு மடங்கி குடுத்துட்டு திரும்ப நிமிந்துக்கும். இங்க ஸ்பிரிங்கும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்க தெரு மேன்ஹோல் மூடி ரோட்டுக்கு மேல ரெண்டு இஞ்ச் துருத்திக்கிட்டு நிக்கும் (அது தனிக் கதை), பிளேடோட ஓரம் அதுல போய் மோதுச்சு பாருங்க, டிரைவர் பாவம் ஸ்டீரிங்ல நெஞ்ச இடிச்சுக்கிட்டாரு, ஒரு பக்கத்து ஆர்ம் வளைஞ்சே போச்சு. லோடர் ஆர்ம் தூக்குறதுக்குன்னு செஞ்சது சார், ஒரே ஓரத்துல விழுற இடிய அது தாங்காது. ஸ்பிரிங் வைங்க, பிளேடு அடியில ஷூ (தரையில குத்தாம சறுக்கிட்டுப் போற இரும்புப் பாதம்) வைங்க, லோடர் லீவர ஃப்ளோட்ல (தரை மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி பிளேடு தானா ஏறி இறங்குற நிலை) போட்டு நடக்குற வேகத்துல தள்ளுங்க. அடுத்த மழைக்கு வண்டி அமர்த்துறவங்க இத ஒரு தடவ குனிஞ்சு பாத்துட்டு அனுப்புனா புண்ணியமா போகும்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாசகர், சென்னை-42