என் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு போன மகனுக்கு

கோயம்புத்தூர்,
கார்த்திகை 12.

கண்ணு,

அப்பா எழுதுவது. திங்கட்கிழமை தவறாமல் போனில் முகம் பார்த்துத்தான் பேசுகிறோம், அப்புறம் எதற்குக் கடிதம் என்பாய். போனில் பேசுவது அம்மாதான். நான் பின்னால் நின்று "சாப்பிட்டியா, குளிருதா" என்று இரண்டு வார்த்தை போட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்துவிடுகிறேன். ஏழு மாதமாக இப்படியே ஓடுகிறது. உன் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சில விஷயம் வாயில் வர மாட்டேன் என்கிறது.

2019 வரைக்கும் இந்த வாரப் போன்கூடக் கிடையாதாமே? கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று, ஆக வருஷத்துக்கு இரண்டே தடவைதான் உங்கள் மார்மன் சபையின் மத ஊழியத்துக்குப் போன பிள்ளை வீட்டுக்குப் பேசலாம் என்று இருந்ததாக அம்மா சொன்னாள். அன்னையர் தினத்துக்குப் பேசலாம், அப்பனுக்கென்று ஒரு நாள் வைக்கவில்லை பார். சரி, விடு.

முதலில் ஒரு சேதி. இந்த வருஷம் நான் மாலை போட்டிருக்கிறேன். முட்டி வலி வந்த பிறகு எட்டு வருஷமாகச் சபரிமலைக்குப் போகவில்லை என்பது உனக்குத் தெரியும். கார்த்திகை முதல் தேதி திடீரென்று தோன்றியது, கோயிலுக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். உன் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை உங்கள் சபைக்குப் போய்விட்டு வந்து எனக்குத் தனிப் பாத்திரத்தில் சமைக்கிறாள். மாதத்தின் முதல் ஞாயிறு அவள் இரண்டு வேளை பட்டினி; எனக்கு ஒரு மண்டலம் ஒருவேளைச் சாப்பாடு. எங்கள் வீட்டு அடுப்புக்கு இப்போது நல்ல ஓய்வு.

மாலை போட்ட இரண்டாம் நாள் லேத்தில் நின்றுகொண்டிருந்தேன். புதிதாக வந்த பையன் "சாமி, டீ ஆறுது" என்றான். நேற்று வரைக்கும் அவனுக்கு நான் முதலாளி. மாலை விழுந்ததும் பெயரும் போச்சு, முதலாளியும் போச்சு, சாமி ஆகிவிட்டேன். அந்த நிமிஷம் உன் ஞாபகம் வந்தது. உன்னையும் அங்கே யாரும் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லையே. எல்லாரும் எல்டர். கூட ஒரே அறையில் தூங்கும் பையனே உன்னை எல்டர் என்றுதான் கூப்பிடுகிறான். இருபது வயதுப் பையன்களுக்குப் 'பெரியவர்' என்று பட்டம் கொடுத்திருக்கிறார்களே என்று நான் உன் அம்மாவிடம் கேலி பேசியிருக்கிறேன். ஆறு வயதுக் குழந்தைக்கு மாலை போட்டுவிட்டுச் சாமி என்று நாம் காலைத் தொடுகிறோம், அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அம்முச்சி இன்னும் நீ சந்நியாசம் வாங்கிக்கொண்டு போய்விட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் அவளுக்கு இதை வைத்தே சொன்னேன். "ஆத்தா, அவன் மாலை போட்டிருக்கிறான். நாங்கள் 41 நாள் போடுகிறதை அவன் 730 நாள் போட்டிருக்கிறான். காலை ஆறரைக்கு எழுந்திருக்கணும், ராத்திரி பத்தரைக்கு விளக்கை அணைக்கணும். சினிமா இல்லை, பெண்பிள்ளைகளோடு சுற்றுவது இல்லை, தனியாக ஓரிடம் போவது இல்லை. முடிந்ததும் மாலையைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவான்." அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ கல்யாணத்துக்குத் தடை இல்லைதானே?" என்றாள். இல்லை என்றேன். அத்தோடு அவளுக்குக் கவலை தீர்ந்தது.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நீ போன அன்று நான் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை. அவசர ஆர்டர், இன்றைக்கே ஷாஃப்ட் கடைந்து கொடுக்கணும் என்றேன். அன்றைக்கு ஒரு ஆர்டரும் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மெஷினைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். டிப்ளமோ முடித்து, கையில் வேலையும் வந்த பிள்ளை, சம்பளமே இல்லாத ஒன்றுக்கு, நாமே மாதா மாதம் முடிந்ததைக் கட்டி, இரண்டு வருஷம் போகிறானே என்று கோபம். எந்த ஊர் என்பதைக்கூட நீ தேர்ந்தெடுக்க முடியாது, மேலே இருந்து வருகிற கடிதத்தில் என்ன இருக்கிறதோ அங்கே போகணும் என்றபோது கோபம் இன்னும் ஏறியது. விமானம் தலைக்கு மேலே போனது கேட்டது. அது உன் விமானமா வேறா தெரியாது. சின்ன வயதில் உன் ஞானஸ்நானத்துக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். கையெழுத்துப் போட்டவனுக்கு வழியனுப்ப வர மனசு வரவில்லை. அது தப்பு. இதைச் சொல்ல ஏழு மாதம் ஆகியிருக்கிறது.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் பயிற்சி முடிந்து நீ முதல் போட்டோ அனுப்பினாய். வெள்ளைச் சட்டை, டை, சட்டைப் பையின் மேல் கறுப்புப் பெயர்ப் பட்டை. அம்மா போனைக் கொண்டுவந்து காட்டினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டையில் 'எல்டர்', அதற்குப் பக்கத்தில் என் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒரு இனிஷியல் போட்டால் முடிந்தது. பாஸ்போர்ட்காரன் கேட்டான் என்று அப்பன் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினோம். அதையே அச்சடித்து உன் நெஞ்சில் குத்திவிட்டார்கள். நான் வாழ்க்கையில் ஓசூரைத் தாண்டி வடக்கே போனதில்லை. என் பெயர் தினமும் காலையில் நீ இருக்கிற ஓல்டாம் தெருக்களில் கதவு கதவாகப் போகிறது. அந்த போட்டோவைப் பட்டறைக் காலண்டருக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறேன். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஓல்டாம் என்று கேட்டதும் எனக்கு எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. அப்புறம்தான் பிடிபட்டது. உன் தாத்தா மில்லில் ரிங் ஃபிரேம் ஓட்டினார். சின்னப் பையனாகச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போவேன். மெஷின் பக்கவாட்டு வார்ப்பில் எழுத்து எழும்பி நிற்கும்: பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஊர்ப் பெயர் எனக்கு அதுதான். நூற்பு மெஷின் செய்து உலகத்துக்கே அனுப்பிய ஊர் அது. நம்மூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம், நீ நிஜ மான்செஸ்டருக்கே போய்விட்டாய். அங்கே மில் எல்லாம் மூடிப் பல காலம் ஆச்சு, பழைய மில் கட்டடம் மட்டும் நிற்கிறது என்று சொன்னாயே, இங்கேயும் தாத்தா வேலை பார்த்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. ஒரு நாள் அந்தப் பக்கம் நடக்கும்போது ஒரு செங்கல் சுவரைத் தாத்தாவுக்காகப் படம் எடுத்து அனுப்பு.

நீ விட்டுப்போன புத்தகங்களை ராத்திரியில் படிக்கிறேன். பயப்படாதே, சேர்வதற்கு இல்லை. உங்களில் முதல் ஊழியன் என்று சொல்லும் சாமுவேல் ஸ்மித், சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தின் தம்பி, அவன் கதை எனக்குப் பிடித்தது. 1830-ல் உங்கள் வேதமான மார்மன் புத்தகம் அச்சாகி வந்ததும் பையில் போட்டுக்கொண்டு நடந்தே போயிருக்கிறான். போன இடமெல்லாம் விரட்டியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு பிரதிதான் கைமாறியது. தோற்றுத்தான் வீட்டுக்குத் திரும்பினான். அந்த ஒன்றிரண்டு பிரதி கைமாறிக் கைமாறித்தான் பிரிகாம் யங் வரைக்கும் போயிற்று, பின்னால் கூட்டத்தையே யூட்டாவுக்கு நடத்திக்கொண்டு போன ஆள். அது எனக்குப் பெரிதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான் பார், அதுதான்.

நானும் நடந்திருக்கிறேன். பட்டறை போட்ட புதிதில் ஒரு ரெக்சின் பையில் நாலு சாம்பிள் புஷ்ஷைப் போட்டுக்கொண்டு பம்ப் கம்பெனி கேட் கேட்டாகப் போவேன். வாட்ச்மேன் உள்ளே விட மாட்டான். விட்டால் பர்ச்சேஸ்காரர் பார்க்க மாட்டார். ஒரு கம்பெனியில் பதினோரு நாள் தொடர்ந்து உட்கார வைத்தார்கள், பன்னிரண்டாம் நாள் சாம்பிளை வாங்கி மேஜைமேல் பேப்பர் பறக்காமல் வைத்துக்கொண்டார் அந்த ஆள். அதனால் உன் கதவு மூடுகிற கதையெல்லாம் எனக்கு யாரும் விளக்க வேண்டாம். உள்ளே விளக்கு எரியும், திரை அசையும், ஆள் வராது. அந்தத் தெருமுனையில் நிற்கும்போது வயிற்றுக்குள் ஒன்று சுருங்கும். அப்போது நான் ஒரு டீ குடிப்பேன். உனக்கு அதுவும் இல்லை.

டீயைப் பற்றிச் சொல்லணும். ஊரே டீயில் மிதக்கிற தேசத்துக்கு டீ குடிக்காத பிள்ளையை அனுப்பியிருக்கிறார்கள். காபியும் கூடாது. 1833-ல் வந்த போதனை என்கிறாய், சரி. ஆனால் ஒரு வீட்டில் வயசான அம்மா கெட்டிலைப் போட எழுந்திருக்கும்போது "வேண்டாம், நாங்கள் குடிப்பதில்லை" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லாதே. "வெந்நீர் இருந்தால் கொடுங்கள் அம்மா, குளிருக்கு நல்லது" என்று கேள். வீட்டுக்கு வந்தவன் ஒன்றும் வாங்கிக் குடிக்காமல் போனால் மனசு சங்கடப்படும், அது எந்த ஊரிலும் அப்படித்தான்.

எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போகிற தெருவில் பல வீடுகளில் பங்களாதேஷ்காரர்களும் பாகிஸ்தான்காரர்களும் இருக்கிறார்கள், ஐந்து வேளை தொழுகிறவர்கள் என்றாய். அவர்கள் வாசலில் நின்று உன் சாமியைப் பற்றிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. அவரவர் மாலை அவரவர் கழுத்தில். கேட்டால் சொல், கேட்காவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நட. அந்தத் தனியாக இருக்கிற தாத்தா வீட்டுத் தோட்டத்தில் இரண்டு பேரும் களை பிடுங்கினீர்களே, ஒரு குடும்பத்துக்கு வீடு மாற்றக் கட்டில் பீரோ தூக்கினீர்களே, உணவு வங்கியில் டின் அடுக்கினீர்களே, அதை நீ போனில் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்று முழுதும் கேட்டேன். எத்தனை பேரைத் தண்ணீரில் முக்கினாய் என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். நான் கேட்க மாட்டேன்.

முக்குவது என்றதும் ஞாபகம் வருகிறது. 1837-ல் பிரஸ்டனில் ரிபிள் ஆற்றில், இங்கிலாந்திலேயே உங்கள் சபையின் முதல் ஞானஸ்நானம், ஒன்பது பேர், அதில் முதல் ஆள் யார் என்று முடிவு செய்ய ஆற்றுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள் என்று படித்தேன். ரேக்ளா பந்தயம் பார்த்து வளர்ந்தவனுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஜார்ஜ் வாட் என்பவர் ஜெயித்தாராம். இரண்டாவது வந்தவர் என்ன நினைத்திருப்பார் என்று நான் ராத்திரி வெகுநேரம் யோசித்தேன்.

உன் ஜோடிப் பையனைப் பற்றி. ஏரில் பூட்டிய மாடு மாதிரி இருபத்துநாலு மணி நேரமும் ஒன்றாக இருக்கணும், குளியலறை தவிர. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை யாரை எங்கே மாற்றுவார்கள் என்று தெரியாது. முதலில் வந்த ஜோடி உன்னோடு நாலு நாள் பேசவே இல்லை என்றாய், அதைக் கேட்டு அம்மா அழுதாள். இப்போது வந்திருக்கிற இந்த அமெரிக்க ஐடஹோப் பையன் நல்லவனாகத் தெரிகிறான். உருளைக்கிழங்கு விளைகிற ஊர்க்காரனுக்கு நம்ம உருளைக்கிழங்கு வறுவல் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. ரசம் குடித்து இருமினான் என்றாயே, மிளகைக் குறை. அவன் அங்கே இருக்கும் வரை அவனுக்கும் சேர்த்துச் சமை.

சட்டைக் காலர் அழுக்குக்குச் சோப்பைத் தேய்த்து அரை மணி நேரம் ஊறப்போடு, பிரஷ் போடாதே, நூல் பிரியும். ஷூவுக்குள் ராத்திரியில் நியூஸ் பேப்பரைத் திணித்து வை. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்கிறாய், சைக்கிளுக்கு விளக்கு இருக்கிறதா?

இன்னொன்று. நடுவில் முடியாமல் திரும்பி வருகிற பிள்ளைகளைப் பற்றிச் சபையில் ஒரு மாதிரி பேசுவார்கள் என்று உன் அம்மா பயப்படுகிறாள். மனசு சரியில்லாமலோ உடம்பு சரியில்லாமலோ வருகிறவர்கள் உண்டாம். உனக்கு அப்படி ஒரு நாள் வந்தால் அவளிடம் சொல்லத் தயங்குவாய். எனக்கு நேராக போன் போடு. நான் மாலையைப் பாதியில் கழற்றியவன். நீ பிறந்த வருஷம், பதினெட்டாம் நாள், உங்கள் தாத்தா காலமானபோது. குருசாமி ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றார். ஏர்போர்ட்டுக்கு இந்தத் தடவை நான் வருவேன், பாதியில் வந்தாலும் முழுசாக முடித்து வந்தாலும்.

மார்கழி இரண்டாவது வாரம் இருமுடி கட்டுகிறோம். கணக்குப் பார்த்தால் கிறிஸ்துமஸ் அன்று நான் பம்பையில் இருப்பேன். நீ வீட்டுக்குப் பேசுவாய், நான் இருக்க மாட்டேன், கோபித்துக்கொண்டு போனதாக நினைக்காதே. நெய்த்தேங்காயில் உன் பெயருக்கும் ஒன்று உண்டு. உன் சபையில் அதற்கு ஆட்சேபம் இருந்தால் நீ சொல்லவே வேண்டாம், நானும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை போனுக்கு முன்னால் நான் உட்காருகிறேன், அம்மா பின்னால் நிற்கட்டும். அந்த ஐடஹோப் பையனையும் கூப்பிடு. போன வாரம் அவன் உன்னைக் கூப்பிட்டது கேட்டது. என் பெயரில் இருக்கிற ழகரத்தை ஈ மொய்க்கிற சத்தம் மாதிரி சொல்கிறான். நாக்கை எங்கே மடிக்கணும் என்று நானே சொல்லித் தருகிறேன்.

அப்பா