பதிமூன்று கண் பாலத்துக்கு வண்ணம்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு நண்பர்களுக்கு வணக்கம். ஞாயிறு காலை 10 மணிக்கு கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதையில் உள்ள கழுதுருட்டிப் பாலத்தின் நம் சிறு மாதிரிக்கு வண்ணம் பூசுகிறோம். ஃபோம் போர்டில் வளைவுகள் வெட்டி ஒட்டியாயிற்று. அளவு 1:87, அதாவது நிஜத்தில் ஒரு மீட்டர் நமக்குச் சுமார் 11.5 மி.மீ.

கருங்கல்தானே என்று ஒரே சாம்பல் நிறம் அடித்துவிடாதீர்கள்; கல்லுக்குக் கல் சாயல் மாறட்டும். காய்ந்த அப்புறம், கறுப்பும் பழுப்பும் கலந்த அக்ரிலிக்கை டீத்தண்ணி பதத்துக்குக் கரைத்துத் தடவி, உடனே பஞ்சால் ஒற்றி எடுத்தால் இடுக்கில் மட்டும் தங்கும். 1904-இலிருந்து மழை வாங்கும் பாதை இது, கறை மேலிருந்து கீழாக வழிய வேண்டும். பாசி தூணடியில் போதும். துருவெல்லாம் வேண்டாம், இரும்புப் பாலமா இது!

பழைய டூத் பிரஷ், கலர் சாக்பீஸ் கொண்டு வாருங்கள்.