‘பைக் வந்ததையே பார்க்கலைங்க’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விபத்துச் செய்திகளில் ‘எதிர்பாராதவிதமாக மோதியது’ என்ற வரி அடிக்கடி வருகிறது. கிளைச் சாலையிலிருந்து ஏறிய கார், நேரே வந்த பைக்கை இடித்துவிட்டால், ‘பைக் வந்ததையே பார்க்கலைங்க’ என்பார் கார் ஓட்டியவர். கூடி நிற்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் பல நேரம் அது பொய் இல்லை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார். பைக் கண்ணில் பதிந்திருக்காது. ஏன் பதியாது என்பது தெரிந்த விஷயம்தான்.

கண் கூர்மையாகப் பார்ப்பது நடுவில் சுமார் 2 டிகிரி அளவுக்குத்தான். நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம், அவ்வளவே. வெடுக்கென்று இடமும் வலமும் தலையைத் திருப்பும்போது கண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுகிறது. தாவும் நேரத்தில் மூளை காட்சியை வாங்குவதில்லை; விட்டுப்போன துண்டைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. பஸ் அந்த இடைவெளியில் மறையாது. 50 மீட்டரில் வரும் பைக்கின் அகலமோ 1 டிகிரிகூடத் தேறாது. நேர் எதிரே வரும் பைக் பக்கவாட்டில் அசைவதும் இல்லை. பின்னால் வாழைத்தோப்போ புளியமர நிழலோ இருந்தால் அதோடு ஒட்டிப்போய்விடும். கண்ணில் பட்டாலும், சிறிய உருவம் என்பதால் தூரத்தில் மெதுவாக வருவதுபோலத் தோன்றும். இரவில் ஒற்றை விளக்கை வைத்துத் தூரத்தைக் கணிப்பது இன்னும் கடினம்.

அடுத்தது, முன்கண்ணாடி ஓரத்தில் கூரையைத் தாங்கும் கம்பம். மெக்கானிக்குகள் ‘ஏ பில்லர்’ என்பார்கள். 10 செ.மீ. அகலக் கம்பம் கண்ணிலிருந்து 70 செ.மீ. தள்ளி இருந்தால், 40 மீட்டர் தொலைவில் சுமார் 2 மீட்டர் அகலத்தை இரண்டு கண்ணுக்குமே மறைத்துவிடும். பைக்கும் அதில் இருவரும் முழுதாக அதற்குள் அடக்கம். வலப்புறம் திரும்பும்போதும், வாய்க்கால் கரைச் சாலை சாய்வாக வந்து சேரும் இடங்களிலும் இது ஆபத்து. காரும் பைக்கும் ஒத்த கதியில் நெருங்கினால் கடைசிவரை பைக் அந்தக் கம்பத்துக்குள்ளேயே இருக்கும். உள்கண்ணாடியில் தொங்கும் மாலையும் பொம்மையும் இடப்பக்கத்தில் இன்னும் கொஞ்சத்தை மறைக்கும். தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

நம் டெல்டாவுக்கு என்று ஒரு தொல்லை உண்டு. நெடுஞ்சாலைகள் வயலைவிட உயரமாகப் போட்டவை. கிராமத்துச் சாலை மேடேறித்தான் சேர வேண்டும். பானெட் நிமிர்ந்திருக்கும், வண்டி பின்னால் உருளாமல் இருக்க கவனம் முழுக்க கிளட்ச்சில் இருக்கும், மூலையில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். வாய்க்கால் பாலத்து ஏற்றங்களிலும் இதே கதை. இங்கே ஹேண்ட்பிரேக்கைப் போட்டு நிறுத்திவிடுங்கள். முதலில் வலப்புறம்: தூரத்தில், நடுவில், அருகில் என்று மூன்று இடத்தில் கண்ணை நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு இடப்புறம், மறுபடி வலப்புறம். பார்க்கும்போது உடம்பை ஒரு சாண் முன்னால் சாய்த்துப் பின்னால் எடுத்தால் கம்பத்தின் மறைவு விலகும். 60 கி.மீ. வேகத்தில் வரும் பைக் விநாடிக்கு 17 மீட்டர் கடக்கிறது. நின்ற கார் சாலையைக் கடந்து திரும்ப நான்கைந்து விநாடி ஆகும். அதற்குள் பைக் 70, 80 மீட்டர் வந்துவிடும்.

கடைத்தெருவில் ஓட்டுநர் தன் பக்கக் கதவை இடது கையால் திறக்கப் பழகினால் போதும். உடம்பு தானாகப் பின்பக்கம் திரும்பிவிடும்; பின்னால் வரும் பைக் கண்ணில் படும்.

பைக்கில் வருபவர்களுக்கு: 2017 ஏப்ரல் முதல் வந்த புது வண்டிகளில் முகப்பு விளக்கு பகலிலும் தானாக எரியும். பழைய வண்டிக்காரர்கள் லோ பீமைப் போட்டுக்கொள்ள வேண்டும். கிளைச் சாலையில் கார் நின்றால் ஓட்டுநரின் முகத்தை நம்பாதீர்கள். உங்களை நேராகப் பார்த்தவரும் பார்க்காமல் இருக்கலாம். முன்சக்கரத்தைக் கவனியுங்கள், கார் நகர்வது அங்கேதான் முதலில் தெரியும். வேகத்தைக் குறைத்து, பின்னால் வண்டி இல்லையென்றால் உங்கள் தடத்துக்குள்ளேயே கொஞ்சம் இப்படியும் அப்படியும் ஒதுங்குங்கள். பக்கவாட்டு அசைவு கண்ணை இழுக்கும்.

எட்டுப் போடக் கற்றுத்தரும் பயிற்சிப் பள்ளிகள் இந்தச் சாய்ந்து பார்ப்பதையும் கற்றுத்தர வேண்டும். நெடுஞ்சாலைத் துறை, சந்திப்பு மூலைகளில் உள்ள முள்செடியையும் பிளக்ஸ் பலகைகளையும் அகற்ற வேண்டும். சம்பா அறுவடை தொடங்கும் முன்பே இதை முடித்தால் நல்லது. நெல் காயப்போட்டால் பாதிச் சாலை போய்விடும். பைக்குகள் எல்லாம் நடுவுக்கு வந்துவிடும். காரில் வருபவர் அவற்றை அங்கே தேடுவதில்லை. தை மாதத்தில் காலைப் பனி வேறு.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்றுநர்,
கும்பகோணம்.