கரகரத்த குரலை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இசைப் பக்கத்தில் அமெரிக்கப் பாடகர் டாம் வெயிட்ஸ் பற்றி வந்த கட்டுரையைக் கும்பகோணத்தில் நாங்கள் பலரும் படித்தோம். அவருடைய பாட்டுகளை மனம்விட்டுப் பாராட்டிய கட்டுரையாளர், குரல் மட்டும் வேறு யாருடையதாவது இருந்திருக்கலாம் என்ற வருத்தத்தோடு முடித்திருந்தார். அதை எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தக் குரலை எடுத்துவிட்டால் பாதிப் பாட்டு போய்விடும். கேட்கும் வரிசையும் கருவியும் சரியாக அமைந்தால் அது பிடிபடும். அதற்கான விவரங்களை எழுதுகிறோம்.

முதலில், அவர் எப்போதும் அப்படிப் பாடியவர் அல்ல. 1949-ல் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் பிறந்தவர். 1973-ல் வந்த முதல் ஆல்பமான ‘க்ளோஸிங் டைம்’ ஆல்பத்தில் பெரும்பாலும் பியானோவோடு ஒட்டி, யாரையும் அச்சுறுத்தாத குரலில் பாடியிருக்கிறார். அதில் ‘மார்த்தா’ என்றொரு பாட்டு. நாற்பது வருஷங்களுக்கு முன் பிரிந்த காதலியைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசும் ஒரு கிழவரின் பாட்டு அது. எழுதிப் பாடியவருக்கு அப்போது 25 வயதுகூட ஆகவில்லை. பிறர் வாயால் பேசுவதுதான் இவர் வழி என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. 1976-ல் ‘ஸ்மால் சேஞ்ச்’ வந்தபோது குரல் அடித்தொண்டைக்கு இறங்கிவிட்டது. குடித்துவிட்டு ஊர் திரும்ப முடியாதவன், தெருவில் கூவி விற்கிறவன் என்று ஆளுக்கு ஒரு தொண்டை. 1983-ல் ‘ஸ்வார்ட்ஃபிஷ்ட்ராம்போன்ஸ்’ ஆல்பத்தைத் தானே தயாரித்தார். வாத்தியங்களும் அதோடு மாறின: மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா, டிராம்போன், நம் நாடக மேடைகளில் இருந்த கால்பெட்டி ஆர்மோனியத்தின் இனத்தைச் சேர்ந்த மிதி ஆர்கன். 1987 ஆல்பத்தில் மெகாஃபோன் வைத்தே பாடினார். தொண்டை கெட்டுப்போன ஒருவர் வேறு வழியின்றிப் பாடுகிறார் என்று நினைப்பவர்கள் இந்த வருஷங்களை வரிசையாகக் கேட்டால் போதும்.

அந்தக் கரகரப்பு எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் காதுக்கு ஒரு பிடி கிடைக்கும். சாதாரணமாகப் பாடும்போது குரல்நாண்கள் அதிர்கின்றன. அடித்தொண்டையில் உறுமும்போது அவற்றுக்குச் சற்று மேலே உள்ள பொய்க்குரல்நாண்கள் என்ற மடிப்புகளும் சேர்ந்துகொள்ளும். அவை பாதி வேகத்தில் அதிர்ந்தால், பாடும் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு ஒலி எழும். ஆக, ஒரே வாயிலிருந்து இரண்டு ஒலிகள். கீழே இருப்பது கேட்காவிட்டால் மேலே இருக்கும் உரசல் வெறும் எரிச்சல்தான்.

பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான். செல்போனின் சின்ன ஸ்பீக்கர் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஆண் குரலின் ஆதார ஒலியோ பெரும்பாலும் 80 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. உறுமலின் அடியும், கூட வாசிக்கும் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தாழ்ந்த ஒலியும் காணாமல் போய், 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான உரசல் மட்டும் மிஞ்சும். மனிதக் காது அதிகம் கூசுவதும் அந்தப் பகுதியில்தான். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தின் அணைசு என்ற விரிந்த வாய்ப்பகுதிக்குப் பக்கத்தில் காதை வைத்து மல்லாரி கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? அதையே தேரடியில் நின்று கேட்பவர் அசைய மாட்டார்.

எனவே ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். கம்பியுள்ள சாதாரண இயர்ஃபோனே போதும், காதில் இறுக்கமாகப் பொருந்தினால் சரி. தொளதொளவென்றிருந்தால் அடி ஒலி கசிந்துவிடும். அடி ஒலியைக் கூட்டும் பேஸ் பூஸ்ட், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பேஸைக் கூட்டினால் குரலும் டபுள் பேஸும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சொற்கள் மூழ்கிவிடும். டேட்டாவை மிச்சம் பிடிக்க ஒலியைச் சுருக்கும் அமைப்பையும் நிறுத்த வேண்டும். சீரான ஒலியை அதிகம் சேதமில்லாமல் சுருக்கலாம். இரைச்சல் கலந்த ஒலியை அப்படிச் சுருக்க முடியாது. குறைந்த தரத்தில் கேட்டால் கரகரப்பின் நுணுக்கம் எல்லாம் நீர்த்துப்போகும். ஒலியளவு, எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசும் அளவுக்கு இருக்கட்டும்.

வரிசை இப்படி இருந்தால் நல்லது. ‘மார்த்தா’வில் தொடங்குங்கள். அடுத்து ‘ஸ்மால் சேஞ்ச்’ ஆல்பத்தின் முதல் பாட்டு. வயலின்கள் மெல்லத் தாங்கிப் பிடிக்க, குரல் உடைந்து உடைந்து வரும். அதற்குப் பின் 1985-ன் ‘ரெய்ன் டாக்ஸ்’ ஆல்பத்தில் ‘டைம்’. கிட்டாரும் அக்கார்டியனும் துணைக்கு வர, தாழ்ந்த குரலில் பாடுவது. இந்த மூன்றையும் இரண்டு மூன்று முறை கேட்ட பிறகுதான் அதே ஆல்பத்தின் ‘க்ளாப் ஹேண்ட்ஸ்’. பிறகு 1999-ன் ‘மியூல் வேரியேஷன்ஸ்’. கிராமி இசை விருது வாங்கிய 1992-ன் ‘போன் மெஷின்’ ஆல்பத்தைக் கடைசிக்கு வையுங்கள். சிமென்ட் தரை போட்ட வெற்று அறையில், எதிரொலியோடு பதிவானது அது. செயலிகள் தாமாகப் போடும் ‘டாப்’ பட்டியலை நம்பினால் 1992-க்கும் 1973-க்கும் மாறி மாறித் தாவ நேரிடும், காது பழகவே பழகாது. அமெரிக்கக் கொச்சை மிகுந்த வரிகள் என்பதால் முதலில் ஒரு முறை வரிகளைப் படித்துவிட்டு, மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் கவனியுங்கள். சுரத்தை விட்டுவிட்டுப் பேச்சாக இறங்குவது பெரும்பாலும் அங்கேதான். துக்கமும் அங்கேதான் இருக்கிறது.

பிறர் பாடினால் இனிமையாக இருக்கிறதே என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். உண்மைதான். ஈகிள்ஸ் குழு 1974-லேயே அவர் பாட்டைப் பாடியது. ராட் ஸ்டூவர்ட் பாடிய ‘டவுன்டவுன் ட்ரெய்ன்’ 1990-ல் அமெரிக்கத் தரவரிசையில் 3-ஆம் இடம் வரை போனது. ஆனால் ஸ்டூவர்ட் பாடும்போது, பாட்டில் பாடுகிறவன் ரயிலில் எதிர்பார்க்கும் பெண் வந்துவிடுவாள் என்றே தோன்றுகிறது. வெயிட்ஸ் பாடும்போது அந்த நம்பிக்கை வருவதில்லை, பாட்டும் அதைத்தான் கேட்கிறது. இந்தக் குரல் அவருடைய சொந்த உடைமை என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது இன்னொரு சங்கதி. நொறுக்குத்தீனி விளம்பரம் ஒன்றில் வேறொருவரை வைத்து அவர் குரலைப் போலவே பாட வைத்ததற்காக வழக்குத் தொடுத்து, 1992-ல் மேல்முறையீட்டிலும் வென்று, 20 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு பெற்றார்.

இதைப் படித்துவிட்டு அப்படிப் பாடிப் பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. குரல்நாண்களையே நெரித்துக் கரகரப்பை வரவழைத்தால் அவற்றில் முடிச்சு விழக்கூடும். பாடிய பின் வலியோ மறுநாள் வரை குரல் கம்மலோ இருந்தால் முறை தவறு. உடனே நிறுத்தி, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய பாடகர்களை அறிமுகப்படுத்தும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் ஆல்பத்தின் பெயரையும் வருஷத்தையும், வரிகளின் சாரத்தைத் தமிழில் நான்கைந்து வாக்கியங்களாகவும் ஒரு கட்டத்துக்குள் போடுங்கள். சென்ற வாரக் கட்டுரையில் சொன்ன பாட்டுகள் எந்த ஆல்பத்தில் உள்ளன என்பது அச்சாகவில்லை. அடுத்த ஞாயிறு அந்தப் பட்டியலை மட்டுமாவது வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
இசை கேட்கும் வாசகர்கள்,
கும்பகோணம்.